மிக்ஸி வாங்குமுன் மெக்கானிக்கைக் கேளுங்கள்!

மிக்ஸி வாங்கப் போனால், "அம்மா, இது 750 வாட்!" என்றுதான் கடையில் ஆரம்பிக்கிறார்கள். வாட் கிடக்கட்டும், சகோதரிகளே! கப்ளர் தேய்ந்தால் உள்ளூரிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் சட்டென்று வராது.

எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் என்றால் வீடு கொள்ளாத விருந்தாளிகள். போன தீபத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் புது மிக்ஸியில் கப்ளர் உடைந்தது. சின்னச் சாமான்தான். "வேலூரிலிருந்து வரணும், பத்து நாளாகும்" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பாவம், அக்கா என்ன செய்வார்? என் பழைய மிக்ஸிதான் மதிலேறிப் போய்ச் சட்னி அரைத்தது!

ரிப்பேருக்கு வழியில்லாத கஷ்டத்தில்தான் நம் நாட்டு மிக்ஸியே பிறந்தது. மும்பையில் சீமென்ஸில் வேலை பார்த்த எஸ்.பி. மாத்தூரின் வீட்டு ஜெர்மன் 'பிரவுன்' மிக்ஸி பழுதானது. இங்கே சரிசெய்ய ஆளில்லை. நம் உளுந்துக்கும் மசாலாவுக்கும் தாங்குகிற மோட்டாரோடு 1960-களில் 'சுமீத்'தைக் கொண்டுவந்தார். பிறகு 1978-ல் சென்னையில் 'ப்ரீத்தி' வந்தது. 2011-ல் அதை பிலிப்ஸ் வாங்கியது. கம்பெனி யார் கைக்குப் போனாலென்ன, நமக்குச் சாமான் கிடைக்கணும்!

இன்னொன்று. அரைக்கும்போது சட்டென்று நின்றால், "மோட்டார் போச்சு" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, அடியிலுள்ள சிவப்புப் பட்டனை அமுக்குங்கள். பெரும்பாலும் ஓடிவிடும்.

வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கட்டும். கம்பெனி கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம், காசு கிடையாது.