ஆண்டறிக்கையும் அநீதியின் அளவும்: பிரித்தானிய இன உறவுகள் சபையின் அனுபவம்

பாகுபாட்டைத் தடுப்பதற்கென அரசு நிறுவும் சபையொன்றின் ஆண்டுப் பணியை எவ்வாறு மதிப்பிடுவது? தீர்த்துவைத்த முறைப்பாடுகளின் தொகையையே பலரும் அளவுகோலாகக் கொள்வர். பிரித்தானியாவில் 1966இல் நிறுவப்பட்ட இன உறவுகள் சபையின் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. அச்சபை ஏற்க இயலாது திருப்பியனுப்பிய முறைப்பாடுகளே அதன் மிகப் பயனுள்ள பதிவுகளாயின.

1965ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டம் விடுதி, உணவகம், மதுச்சாலை, பொதுப் போக்குவரத்து போன்ற இடங்களில் நிறம், இனம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. சபையின் முதல் உறுப்பினர் மூவருள் ஒருவர் மேற்கிந்தியக் கிரிக்கெற் வீரர் லியரி கொன்ஸ்ரன்ரைன். 1943இல் இலண்டன் விடுதியொன்றில் தங்க இடம் மறுக்கப்பட்டு, மறு ஆண்டு வழக்கில் வென்றவர் அவர். அத்தகைய மறுப்பையே புதிய சட்டம் தடைசெய்தது. ஆனால், குடியேறிய தொழிலாளியின் அன்றாடத் துன்பம் விடுதியில் இல்லை. வேலையிலும் வீட்டிலுமே இருந்தது. அவ்விரண்டையும் சட்டம் தீண்டவில்லை.

சபையின் செயன்முறை சமரசத்தையே அடிப்படையாகக் கொண்டது. பிரதேசக் குழுக்கள் முறைப்பாட்டை விசாரித்து, இருதரப்பையும் இணங்கச் செய்ய முயன்றன. இணக்கம் கைகூடாவிடின் விடயம் சட்டமா அதிபருக்கு அறிவிக்கப்பட்டது. வழக்குத் தொடரும் அதிகாரம் சபைக்கு இல்லை. இப்பணியின் விபரம் ஆண்டுதோறும் அறிக்கையாகப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. முதலாண்டில் வந்த முறைப்பாடுகளுட் பெரும்பாலானவை சபையின் நியாயாதிக்கத்துக்கு அப்பாற்பட்டவை. சபை அவற்றைப் புறக்கணியாது பதிவுசெய்து, சட்டத்தை விரிவாக்குமாறு கோரியது.

முறைப்பாடுகள் மட்டும் போதிய சான்றாகா. தனக்கு வேலை மறுக்கப்பட்டது நிறத்தாலேயே என்பதை மறுக்கப்பட்டவன் பெரும்பாலும் அறியான். ஆதலின் சபையும் பிறிதோர் அமைப்பும் கூட்டாக ஆய்வொன்றை மேற்கொள்வித்தன. ஆங்கிலேயர், ஹங்கேரியர், மேற்கிந்தியர் ஆகியோர் ஒத்த தகைமைகளுடன் ஒரே வேலைக்கு விண்ணப்பித்தனர். அந்நியராயினும் வெள்ளையரான ஹங்கேரியரைக் காட்டிலும் மேற்கிந்தியர் மிகுதியாக நிராகரிக்கப்பட்டனர். 1967இல் வெளியான இம்முடிவுகள், தொழிலையும் வதிவிடத்தையும் உள்ளடக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலின.

அச்சட்டம் வழக்கிடும் அதிகாரத்தைச் சபைக்கு வழங்கியது, பாதிக்கப்பட்டவருக்கு வழங்கவில்லை. அதன் எல்லைகளும் விரைவில் வெளிப்பட்டன. உறுப்பினரை உண்மையாகவே தெரிவுசெய்து சேர்க்கும் கழகங்கள் சட்டத்துக்கு உட்படா என 1973இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இக்குறைகளைக் களைய முயன்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் மறைமுகப் பாகுபாட்டையும் தடைசெய்து, தனிநபர் நேரடியாக நியாயசபையை நாடவும் வழிசெய்தது. பழைய சபையின் இடத்தை 1977இல் இன சமத்துவ ஆணைக்குழு பெற்றது. 2007இல் அதன் பணிகள் சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழுவைச் சென்றடைந்தன.

முறைப்பாடு குறைவது அநீதி குறைந்தமைக்குச் சான்றாகாது. நம்பிக்கை இழந்தோரின் மௌனமாகவும் அது இருக்கலாம். எனவே ஆண்டறிக்கையை நோக்குவோர், சபை எவற்றைத் தீர்த்தது என்பதோடு, எவற்றைத் தீர்க்கும் அதிகாரம் அதற்கு மறுக்கப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.