பேறுகாலத்திற்குப் பின்னும் கவனம் தேவை

கர்ப்பம் 20 வாரங்களைக் கடந்தபின் சில பெண்களுக்கு இரத்தக் கொதிப்பு 140/90 என்னும் அளவை எட்டுகிறது. பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் கழிகிறது. இதனை மருத்துவர்கள் பிரீஎக்ளாம்ப்சியா என்பர். முற்றினால் வலிப்பு கண்டு தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரலாம். பிரசவமானபின் கொதிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடுவதால், நோய் அடியோடு நீங்கிற்று என்று வீட்டார் கருதிவிடுகின்றனர். அது சரியன்று.

நம் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு சிரைகளில் தங்கியுள்ளது. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொணரும் குழாய்களே சிரைகள். அவை விரிந்து இரத்தத்தை ஏற்கும். தேவை நேரும்போது சுருங்கி இதயத்திற்கு அளிக்கும். சங்கத்திற்குச் சேமநிதி எவ்வாறோ, உடலுக்குச் சிரைகளில் உள்ள இரத்தம் அவ்வாறு.

கர்ப்பமோ பெருஞ்செலவுக் காலம். ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா நூற்றுக்கு 40 முதல் 50 வரை பெருகுகிறது. இந்நோய் கண்டவர்களிடம் அப்பெருக்கம் குறைவுபடுகிறது.

நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள், நோய் தணிந்த பெண்களைப் பிரசவத்திற்குப் பல மாதங்கள் கழித்துச் சோதித்தனர். கொதிப்பு சரியான அளவில் இருந்தும், சிலருக்குப் பிளாஸ்மா குறைந்தும், சிரைகளின் விரியும் தன்மை குன்றியும் இருந்தன. பிளாஸ்மா குறைந்தோருக்குப் பின்னாளில் கொதிப்பு நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று 2015ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வு காட்டிற்று. வரவு செலவு ஒத்திருந்தும் சேமநிதி கரைந்துவிட்ட சங்கத்தின் நிலை இதுவே. அன்றாடக் கணக்கில் குறை தெரியாது; அடுத்த பெருஞ்செலவு வரும்போதே தெரியும். அந்தச் செலவு அடுத்த கர்ப்பமாகவும் இருக்கலாம், முதுமையாகவும் இருக்கலாம். இந்நோய் கண்டவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு, ஏனையோரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பது பல ஆய்வுகளின் முடிவு.

ஆயினும் அஞ்ச வேண்டுவதில்லை. முறையான உடற்பயிற்சி பிளாஸ்மாவைப் பெருக்கும். உப்பைக் குறைத்தலும், உடல் எடையை அளவோடு வைத்தலும், புகையிலையை விலக்குதலும் இரத்தக் குழாய்களுக்கு நன்மை தரும். மீண்டும் கருவுற்றால் தொடக்கத்திலேயே முந்தைய நோயை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். தகுந்தோருக்கு 16 வாரங்களுக்குள் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுப்பதால் நோய் மீளும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் மருத்துவர் சொல்லாமல் அதனை உண்ணலாகாது.

அங்கத்தினர்களே! உங்கள் இல்லத்தில் இந்நோய் கண்ட தாய்மார் இருப்பின், அவர்களுடைய பேறுகாலச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். உடம்பில் நோவு இல்லையென்றாலும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவர்களது இரத்தக் கொதிப்பைச் சோதிக்கச் செய்யுங்கள்.