ரசமட்டமும் நூலும் இருந்தால் போர்ட்டிகோவே பிட் லேன்!

கூடுவாஞ்சேரியில் எந்தத் தெருவில் கல்லை விட்டாலும் கார் தொழிலில் இருக்கும் ஒருவர் வீட்டு வாசலில்தான் விழும். தெற்கே மறைமலை நகரில் 2022 வரை கார்களைத் தள்ளிக்கொண்டிருந்த ஃபோர்டு ஆலை. இன்னும் கொஞ்சம் போனால் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. மேற்கே ஒரகடத்தில் ரெனோ, நிஸான் கார்கள் உருவாகும் ஆலை. இதெல்லாம் பழைய செய்தி. மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. அங்கே இறங்கினால் எஸ்.ஆர்.எம். அந்த மாணவர்கள் தங்கள் கையால் ரேஸ் கார் செய்து ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த அணியின் பெயர் என்ன தெரியுமா? 'கேம்பர் ரேசிங்'!

இந்தக் காற்றைச் சுவாசிக்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டு போர்ட்டிகோவுக்குள் எட்டிப் பார்த்தால் என்ன நடக்கும்? வாங்க, கேட்டைத் திறக்கலாம்!

நந்திவரம் பக்கத்துச் சந்து. உயரம் குறைத்த பழைய ஸ்விஃப்ட் ஒன்று நிற்கிறது. முன் சக்கரத்து டயரின் உள் விளிம்பில் கை வைத்தால் வழுக்குகிறது; வெளி விளிம்பிலோ கம்பெனி மயிர் கூட இன்னும் உதிரவில்லை. ஸ்டியரிங்கை விட்டால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் கடைக்காரர் "டோ பண்ணிட்டேன், கேம்பர் இந்த வண்டியில வராது சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் கம்பெனி கேம்பருக்குத் திருகு எதுவும் வைப்பதில்லை. ஆனால் வழியே இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்த வழிதான் இன்றைய கொண்டாட்டம்.

கார் வைத்திருக்கும் தம்பி முதலில் போனது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிடையாது. எதிர் மனையில் வீடு கட்டும் மேஸ்திரியிடம்.

"அண்ணே, ரசமட்டமும் தூக்குக் குண்டும் ஒரு மணி நேரம் குடுங்க."

"எதுக்குத் தம்பி, சுவரா எழுப்பப் போற?"

"இல்லண்ணே, சக்கரம் எவ்ளோ சாஞ்சிருக்குன்னு பாக்கணும்."

மேஸ்திரி பையைத் தூக்கிக்கொண்டு தானே வந்துவிட்டார். காரைச் சுற்றி ஒரு நடை. பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். "முதல்ல இத சரி பண்ணு தம்பி. தண்ணி ஓட வாட்டம் குடுத்திருக்காங்க பாரு."

அடடா! முதல் சொல்லே முத்து!

சக்கரம் சாய்வதைத்தான் கேம்பர் என்கிறோம். காருக்கு முன்னால் நின்று பாருங்கள். டயரின் மேல் விளிம்பு உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் உடல் வெளிப்பக்கம் சரிகிறது. அப்போது வெளிப்பக்கத்துச் சக்கரமும் கூடவே சாய்ந்து, டயரின் வெளி ஓரம் மட்டும் ரோட்டைத் தேய்க்கிறது. முன்கூட்டியே கொஞ்சம் நெகட்டிவ் கொடுத்து வைத்தால், அந்த நேரத்தில் டயரின் முழு அகலமும் தரையில் படியும். ரேஸ்காரர்கள் இந்த ஒரு டிகிரிக்காக உயிரை விடுவதன் காரணம் இவ்வளவுதான். அளவு மீறி உள்ளே சாய்த்தால், நேர் ரோட்டில் உள் ஓரம் மட்டும் தேயும். நம் ஸ்விஃப்டின் கதை அதுதான்: ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தினார்கள், சக்கரம் தானாகவே உள்ளே சாய்ந்தது.

இப்போது தரை. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே சுமார் ஒன்றரை மீட்டர். இந்தத் தூரத்தில் 26 மில்லிமீட்டர் வாட்டம் இருந்தால் 1 டிகிரி பொய்க் கணக்கு வந்துவிடும். தூக்குக் குண்டு பூமியின் இழுப்பைக் காட்டுகிறது, டயரோ தரையில் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டாமா? மேஸ்திரி டியூப் மட்டத்தை எடுத்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், உள்ளே குமிழி இல்லாமல் தண்ணீர். ஒரு முனை இடது டயர் பக்கம், மறுமுனை வலது டயர் பக்கம். இரண்டிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தைச் சுவரிலும் தூணிலும் பென்சிலால் கோடு போட்டு, அங்கிருந்து தரைக்கு டேப் பிடித்தார்கள். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் தட்டையான பிளைவுட் துண்டுகளை அடுக்கிச் சமன் செய்தார்கள். பல லட்சம் ரூபாய் அலைன்மென்ட் மிஷின் செய்யும் முதல் வேலையை, நாலு மீட்டர் குழாயும் ஒரு சொம்புத் தண்ணீரும் செய்து முடித்துவிட்டன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைதட்டத் தோன்றுகிறது!

டயர் காற்று நாலிலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டது. ஸ்டியரிங் நேராக நிற்கிறது. அடுத்தது அளவு.

ரிம்மின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நோக்கித் தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். ஆட்டம் நிற்கட்டும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து நூலிலிருந்து மேல் விளிம்புக்கு எவ்வளவு, கீழ் விளிம்புக்கு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரகசியம். அளக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 400 மில்லிமீட்டர் என்றால், 7 மில்லிமீட்டர் வித்தியாசம் 1 டிகிரி. மூன்றரை மில்லிமீட்டர் அரை டிகிரி. கணக்கு நோட்டு கூட வேண்டாம்!

ரிம் எங்காவது அடிபட்டு வளைந்திருந்தால் அளவு ஏமாற்றும். அதனால் காரை அரைச் சுற்று உருட்டி, மறுபடி சமன் செய்து அளந்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். மொபைலில் மட்டம் பார்க்கும் ஆப்பும் உண்டு. நேரான அலுமினியப் பட்டை ஒன்றில் ஒரே அளவு நட்டு இரண்டை ஒட்டி, அந்த நட்டுகள் மட்டும் ரிம்மில் படும்படி வைத்து, பட்டையின் மேல் போனை வைத்தால் டிகிரி நேராகவே வந்துவிடும். கேமரா மேடு பட்டையில் முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஸ்விஃப்ட் என்ன சொன்னது? இடப்பக்கம் 10 மில்லிமீட்டர், வலப்பக்கம் 3. அதாவது இடது சக்கரம் கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி உள்ளே, வலது அரை டிகிரிக்கும் குறைவு. கேம்பர் வித்தியாசம் காரை நெகட்டிவ் குறைந்த பக்கம்தான் இழுக்கும். வலப்பக்கம் ஏன் இழுத்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது! இப்படி இரண்டு பக்கமும் பெரிதாக வேறுபட்டால், திருத்துவதற்கு முன்னால் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டோ, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோ வளைந்திருக்கிறதா, பால் ஜாயின்ட் ஆடுகிறதா என்று பார்ப்பது முறை. இங்கே எல்லாம் கெட்டியாக இருந்தது.

இனிதான் மந்திரம். ஸ்விஃப்ட், ஆல்ட்டோ போன்ற கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அந்த ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியை நக்கிளோடு சேர்த்துப் பிடிப்பது இரண்டே போல்ட். இந்த இரண்டு ஓட்டைகளிலும் போல்ட்டுக்கு மயிரிழை இடம் இருக்கும். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பழைய இடத்துக்குப் பெயின்டில் ஒரு கோடு இழுத்து, இரண்டு நட்டையும் தளர்த்தி, நக்கிளின் மேல்பாகத்தை வெளியே இழுத்துப் பிடித்தபடி இறுக்கினால் சாய்வு கொஞ்சம் மாறும். செலவு? ஒரு பைசா கிடையாது! இடது சக்கரத்துக்கு இதுவே போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு இல்லாமல் இந்த வேலை கிடையவே கிடையாது.

வலது சக்கரத்துக்கு இன்னும் அதிகம் வேண்டும். அங்கே வருகிறது கேம்பர் போல்ட். பார்க்கச் சாதாரண போல்ட். ஆனால் உடம்பு கொஞ்சம் ஒல்லி, நடுவில் ஒருபக்கம் புடைத்த மேடு. மேல் ஓட்டையில் பழைய போல்ட்டுக்குப் பதில் இதைப் போட்டு ஸ்பானரால் மெதுவாகத் திருப்பினால், அந்த மேடு நக்கிளை உள்ளே தள்ளுகிறது, வெளியே தள்ளுகிறது. கண்ணெதிரே சக்கரம் சாய்வதைப் பார்க்கலாம்! ஒரு போல்ட்டில் ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும். ஸ்ட்ரட்டின் உச்சியில் போட 'கேம்பர் பிளேட்' என்று விலையுயர்ந்த சாமான் உண்டு. வீட்டுக் காருக்கு அதன் பக்கம் போகவே தேவையில்லை.

பணத்தைச் சேமிக்க வேண்டிய இடமும் உண்டு, கூடாத இடமும் உண்டு. புதுப்பேட்டையில் பழைய பாகம் எது கேட்டாலும் கிடைக்கும்; அந்தக் கடைத்தெருவை நான் மனசார நேசிக்கிறேன். இந்த போல்ட்டை மட்டும் அங்கே பழசாக எடுக்காதீர்கள். ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்குங்கள், தலையில் 10.9 அல்லது அதற்கு மேல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், போல்ட் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். ஹார்டுவேர் கடை போல்ட்டைப் போட்டாலோ, ஸ்ட்ரட்டின் ஓட்டையை அரத்தால் அகலப்படுத்திவிட்டு அப்படியே விட்டாலோ, ஜி.எஸ்.டி. ரோட்டில் உங்களையும் பக்கத்து வண்டியையும் சேர்த்துப் பணயம் வைக்கிறீர்கள். சக்கரத்தை உள்ளே சாய்த்தபின் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரல் நுழைகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சக்கரம் மாட்டி வண்டியை இறக்கியதும் உடனே அளக்கக் கூடாது. தொங்கிய சஸ்பென்ஷன் இன்னும் விறைத்து நிற்கும். வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டைப் பிடித்து நாலு அமுக்கு அமுக்கினால்தான் தன் நிலைக்கு வரும். அமுக்கினார்கள். அளந்தார்கள். இடம் 7, வலம் 7! அந்த போர்ட்டிகோவில் எழுந்த கூச்சலுக்கு மாடி வீட்டு அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

கொண்டாட்டத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள், இன்னும் ஒரு வேலை பாக்கி. கேம்பரைத் தொட்டால் டோ கண்டிப்பாக மாறும். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருக்கின்றனவா என்பது. டயரைத் தின்பதில் கேம்பரைவிட இதுதான் பெரிய பகாசுரன். மேஸ்திரி சுவருக்குப் பிடிக்கும் நைலான் நூலையே எடுத்தார். காரின் இரண்டு பக்கமும் சம தூரத்தில் நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்கேல் வைத்தார்கள். டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகி, நேருக்குக் கொண்டு வந்தார்கள். பின்பக்கம் டார்ஷன் பீம். அதில் கை வைக்க வேண்டியதே இல்லை.

இந்தச் சிக்கன மூளை நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முதலில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடத்தியது. அப்புறம்தான் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் வந்தது. கோவை கரிவரதன் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்று ரேஸ் கார் செய்தார். அந்தக் காரில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போய்விட்டார்!

பேராசைக்கும் உதாரணம் உண்டு. 2011-ல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ரெட் புல் அணி, முன் சக்கரங்களுக்கு டயர் கம்பெனி பிரெல்லி சொன்ன 4 டிகிரியைத் தாண்டிச் சாய்வு வைத்தது. டயரில் கொப்புளம் கிளம்பி, அணியே நடுங்கிப்போனது. அந்த அணியின் வெட்டல் ரேஸை ஜெயித்தார் என்பது வேறு விஷயம். ரேஸ் தடத்துக்குப் போகும் ஸ்ட்ரட் கார்கள் 2, 3 டிகிரி வைப்பதுண்டு. தினமும் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஓடும் காருக்கு 1 டிகிரிக்குள் இருந்தால் டயர் பிழைக்கும், வளைவும் இனிக்கும்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். கம்பெனி முதலில் குறித்த, ஆர்.சி.யில் பதிந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. சக்கரத்தைக் குடை போல விரிக்கும் ஸ்டைலுக்கு இங்கே இடமில்லை.

வீட்டில் செய்து முடித்ததும் சில நூறு ரூபாய் கொடுத்து அலைன்மென்ட் சென்டரில் ஒருமுறை சரிபார்த்து, பிரின்ட் கேட்டு வாங்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்ட்ரட்டின் அந்த இரண்டு நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே போய் உங்கள் காரின் முன் டயர் இரண்டிலும் உள் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால், பக்கத்து மனை மேஸ்திரியிடம் ரசமட்டம் கேளுங்கள். கட்டாயம் கொடுப்பார்!