கப்பல் ஏறிப் படித்தார் அன்று! கைக்கே வருகிறது பாடம் இன்று!

புது வேலையில் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அவருக்கு வேலை கசந்து விட்டது.

பழைய கல்லூரிக்கே திரும்பி வந்தார். முதல்வரைப் பார்த்தார். பழைய வேலையையே தரும்படி கேட்டார்.

அவர் பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-ம் ஆண்டில் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார்.

கல்லூரியில் எப்போதும் அவரைச் சுற்றி மாணவர்கள் இருப்பார்கள். கேள்வி கேட்பார்கள். நூலகத்திலோ அலமாரிகள்தான் இருந்தன. பேச ஆள் இல்லை. நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. முதலில் அவர் லண்டனுக்குப் போக வேண்டும். அங்கே நூலகத் தொழிலைக் கற்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் பிடிக்காவிட்டால், கணித ஆசிரியர் வேலையைத் திரும்பப் பெறலாம்.

ரங்கநாதன் கப்பல் ஏறினார்.

லண்டனில் கண்ட காட்சி

லண்டனில் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தார். குரோய்டன் என்ற ஊர் நூலகத்தில் சேயர்ஸ் என்ற பெரிய நூலகரிடம் வேலை பழகினார். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே அவர் கண்டது என்ன?

நூலகத்துக்குள் கூட்டம் இருந்தது! தொழிலாளிகள் வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். குழந்தைகள் வந்தார்கள். வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தேடிக் கொடுக்க ஆள் இருந்தார்.

ரங்கநாதனுக்குக் கண் திறந்தது. நூலகர் வேலை என்பது அலமாரிக்குக் காவல் இருப்பது அல்ல. அதுவும் ஆசிரியர் வேலைதான்!

ஒரு நாள் லண்டன் கடை ஒன்றில் அவர் ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சிறு இரும்புத் துண்டுகள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால், ஒரு நேரம் பாலம் ஆகும். இன்னொரு நேரம் வண்டி ஆகும். புத்தகங்களையும் இப்படிச் சிறு சிறு கூறுகளைச் சேர்த்து வகைப்படுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய 'கோலன்' பகுப்பு முறை. 1933-ல் அது புத்தகமாக வெளிவந்தது. உலக நூலகர்கள் பலர் அதைப் படித்தார்கள்.

1925-ல் ரங்கநாதன் சென்னைக்குத் திரும்பினார். கணித ஆசிரியர் வேலையை அவர் கேட்கவில்லை. சுமார் 20 ஆண்டுகள் அதே பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தார்.

ஓடிப்போக நினைத்தவரை உட்கார வைத்தது எது? படிப்பு!

எல்லோரும் கப்பல் ஏற முடியுமா?

லண்டனுக்குப் போய்ப் படிக்க எத்தனை பேரால் முடியும்? அதனால் பாடத்தை ஊருக்குக் கொண்டுவர ரங்கநாதன் பாடுபட்டார்.

1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1929-ல் அந்தச் சங்கம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியது. 1931-ல் அந்த வகுப்பைச் சென்னைப் பல்கலைக்கழகமே ஏற்றுக் கொண்டது.

அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். நூலகத்துக்கு மக்கள் வர முடியாவிட்டால், நூலகம் மக்களிடம் போக வேண்டும் அல்லவா?

1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படிப்பட்ட சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான்.

பிற்காலத்தில் ரங்கநாதன், தாம் சேமித்து வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலகக் கல்விக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்துவதற்காக! அந்தப் பதவிக்கு அவருடைய மனைவி சாரதாவின் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது. 1972-ல் ரங்கநாதன் காலமானார். ஆகஸ்டு 12-ந் தேதியை இன்றும் நூலகர் நாளாக நாடு கொண்டாடுகிறது.

மூன்று பேர் வருகிறார்கள்

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

ஊரில் ஒரு நூலகம் இருக்கிறது. காலையில் திறக்கிறார்கள். நாளிதழ்களை மேஜைமேல் வைக்கிறார்கள். புத்தகம் கேட்டால் பதிவு செய்து கொடுக்கிறார்கள். இவ்வளவுதானா நூலகர் வேலை?

ஒரு நாள் அங்கே மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம்.

முதலில் வருபவள் ஓர் இளம் பெண். அரசு வேலைக்குத் தேர்வு எழுதப் போகிறாள். பழைய வினாத்தாள்கள் வேண்டும் என்கிறாள்.

அடுத்து வருபவர் ஒரு தாத்தா. அவர் சிறு வயதில் படித்த ஒரு பழைய புத்தகம். இப்போது எந்தக் கடையிலும் இல்லை. எங்காவது கிடைக்குமா என்று கேட்கிறார்.

மூன்றாவதாக ஒரு தாய் வருகிறார். கூடவே அவருடைய மகன். பையனுக்குக் கண் தெரியாது. அவனுக்குப் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

நூலகர் அலமாரியைப் பார்க்கிறார். மூன்றும் இல்லை. "இங்கே இல்லையே" என்கிறார். மூவரும் திரும்பிப் போகிறார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அலமாரியில் இல்லைதான். ஆனால், மூன்றும் இருக்கும் இடம் உண்டு!

பழைய வினாத்தாள்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே தன் இணையப் பக்கத்தில் வெளியிடுகிறது. பழைய தமிழ் நூல்கள் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்நூலகத்தில் வைத்திருக்கிறது. காசு கொடுக்காமல் படிக்கலாம். பார்வையற்றவர்களுக்காக 2016-ல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் தொடங்கப்பட்டது. அதில் உறுப்பினர் ஆனால் புத்தகத்தைக் காதால் கேட்கலாம். பிரெயில் எழுத்தைத் தடவிப் படிக்கவும் வழி உண்டு.

இவை நூலகருக்குத் தெரிந்திருந்தால், மூவரும் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார்கள். நூலகர் ஒரு பாடம் படிக்காமல் விட்டால், நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல. அந்தப் பையனுக்கும்தான்!

பாடம் எங்கே கிடைக்கிறது?

நூலகர் படிக்க நினைத்தால், இன்று கப்பல் வேண்டாம். பஸ்கூட வேண்டாம். கையில் செல்போன் இருந்தால் போதும்.

2017-ல் மத்திய அரசு 'சுவயம்' என்ற இணையப் பள்ளியைத் தொடங்கியது. பேராசிரியர்கள் பாடம் நடத்துவதைச் செல்போனிலேயே பார்க்கலாம். நூலகத் துறைப் பாடங்களும் அதில் உண்டு. பாடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால்தான் பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும்.

'இ-பிஜி பாடசாலை' என்று ஒன்று இருக்கிறது. அதில் முதுகலைப் பாடங்கள் துறை வாரியாக வைக்கப்பட்டிருக்கின்றன. நூலகத் துறைக்கும் தனிப் பகுதி உண்டு.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியில் நூலகப் பட்டம் வழங்குகிறது. அதன் பாடப் புத்தகங்கள் 'இ-ஞானகோஷ்' என்ற இணையப் பெட்டகத்தில் இருக்கின்றன. அங்கே மாணவராகச் சேராதவர்களும் எடுத்துப் படிக்கலாம்.

கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்நூலகம் 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பள்ளிப் பாடம் முதல் ஆராய்ச்சி நூல் வரை எது எங்கே இருக்கிறது என்று அது தேடிக் காட்டும். அதில் தேடிப் பழகுவதே நூலகருக்கு ஒரு பயிற்சிதான்.

வெளிநாட்டுப் பாடங்களும் உண்டு. அமெரிக்காவில் 2003-ல் 'வெப்ஜங்ஷன்' தொடங்கியது. குழந்தைகளை நூலகத்துக்கு வரவழைப்பது எப்படி? கோபத்தோடு வருபவரிடம் பேசுவது எப்படி? இப்படி அன்றாட வேலைக்கு உதவும் பாடங்களை அங்கே இலவசமாகப் படிக்கலாம்.

சிறிய ஊர் தந்த பரிசு

நியூசிலாந்து நாட்டில் ஹோரோவெனுவா என்று ஒரு வட்டாரம். அங்கே சிறிய நூலகங்கள்தான். 1999-ல் அவற்றுக்கு ஒரு சங்கடம் வந்தது.

அங்கே கணக்கு வைத்திருந்த கம்ப்யூட்டர் பழசு. 2000-ம் ஆண்டு பிறந்தால் அது வேலை செய்யாது! எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

நூலகத்தார் ஒரு சிறிய கம்பெனியுடன் சேர்ந்து, தங்களுக்கு ஏற்ற புதிய முறை ஒன்றை எழுதச் செய்தார்கள். 2000-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி அது ஓடத் தொடங்கியது.

அதை அவர்கள் விலைக்கு விற்றிருக்கலாம். விற்கவில்லை! யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், திருத்திக் கொள்ளலாம் என்று உலகத்துக்கே கொடுத்து விட்டார்கள்.

அதன் பெயர் 'கோஹா'. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் 'கோஹா' என்றால் பரிசு என்று பொருள். இன்று பல நாடுகளில் நூலகங்கள் அதைக் கொண்டு நடக்கின்றன. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது.

பரிசு கிடைத்தால் போதுமா? அதைக் கையாளத் தெரிய வேண்டும். அதற்கும் பாடம் உண்டு. மும்பை ஐ.ஐ.டி. 'ஸ்போக்கன் டுடோரியல்' என்ற பெயரில் சிறு சிறு படப் பாடங்களை வெளியிடுகிறது. 'கோஹா'வுக்கும் பாடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். ஒரு பக்கம் பார்த்துக் கொண்டே மறுபக்கம் செய்து பழகலாம். ஒரு முறை இறக்கி வைத்துக் கொண்டால், பிறகு இணையம் இல்லாமலும் பார்க்கலாம்.

தடை எது?

இத்தனை பாடங்கள் இருந்தும் எல்லா நூலகர்களும் ஏன் படிக்கவில்லை?

அவர்களைக் குறை சொல்லி முடித்து விடுவது எளிது. ஆனால் அது நியாயம் அல்ல.

முதல் தடை, மொழி. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் படித்து வந்தவருக்கு அது மலை ஏறுவது போல.

இரண்டாவது, நேரமும் பணமும். ஊர்ப்புறத்தில் பல நூலகங்களில் ஒரே ஆள்தான். திறப்பதும் அவர்தான், கூட்டுவதும் அவர்தான். சம்பளம் குறைவு. செல்போனுக்குப் பணம் கட்டுவதும் சொந்தக் காசில்தான்.

மூன்றாவது தடை, சான்றிதழ் ஆசை! 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இணையக் கூட்டங்கள் பெருகின. பெயரைப் பதிவு செய்தால் போதும், சான்றிதழ் வந்துவிடும் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. கற்றது என்ன என்று யாரும் கேட்கவில்லை. சுவரில் மாட்டிய காகிதம், வாசலில் நிற்கும் வாசகருக்குப் புத்தகம் தேடித் தராது.

இந்தத் தடைகளைத் தாண்ட வழி இல்லாமல் இல்லை. வாரத்துக்கு ஒரு பாடம் போதும். பக்கத்து ஊர் நூலகர்கள் நாலு பேர் சேர்ந்து படிக்கலாம். ஆங்கிலம் தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லலாம். படித்ததை மறுநாளே ஒரு வாசகருக்குச் செய்து காட்டினால், அது மறக்காது.

பாடங்களைத் தமிழில் தருவதும், படிக்க நேரம் ஒதுக்கித் தருவதும் மேலே இருப்பவர்களின் கடமை. 1929-ல் சென்னையில் ஒரு சங்கத்தால் வகுப்பு நடத்த முடிந்தது. இன்று முடியாதா?

நீங்களும் கேளுங்கள்!

இது நூலகர் பாடு, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம்.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் நூலகத்தை நடத்துகிறது!

அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். அலமாரியில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். அதட்டிக் கேட்க வேண்டாம், அன்பாகக் கேளுங்கள். இல்லை என்று நூலகர் சொன்னால், எங்கே கிடைக்கும் என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

அந்தக் கேள்விதான் அவரைத் தேட வைக்கும். தேடினால் கற்றுக் கொள்வார்.

ரங்கநாதனுக்கு முதலில் நூலக வேலை ஏன் கசந்தது? கேள்வி கேட்க ஆள் இல்லாததால்தானே?