விண்டோஸ் 10 போச்சு... லேப்டாப்பும் போகணுமா?

எங்க அண்ணன் படிச்சு முடிச்சிட்டு எனக்குக் கொடுத்த லேப்டாப் ஒண்ணு இருக்கு. ஆறாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம். ஸ்க்ரீன், கீபோர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 போடலாம்னு பார்த்தா, இந்தக் கணினிக்குத் தகுதி இல்லைன்னு பதில் வருது. நல்லா ஓடுற மெஷினை ஏன் ஓரங்கட்டணும்?

விஷயம் இதுதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும். டிஸ்க்கைப் பூட்டும் சாவி மாதிரியான ரகசியங்களைத் தனியாகப் பாதுகாக்கும் வசதி அது. இன்டெல் ப்ராசஸர்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல இருக்கணும். ஆதரவு நின்னுடுச்சுன்னா லேப்டாப் ஓடாதுன்னு அர்த்தம் இல்லை. புதுசா கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க பேட்ச் வராது, அதுதான் ஆபத்து. பதிவு செஞ்சா தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை பேட்ச் கிடைக்கும். அதுக்கப்புறம்?

இங்கதான் லினக்ஸ் வருது. 1991-லயே வந்தது, இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கு. சர்வர்ல அதன் ராஜ்ஜியம்தான், ஆண்ட்ராய்டு போனுக்குள்ளயும் அதே கெர்னல்தான். டெஸ்க்டாப்ல மட்டும் ஏன் ஜெயிக்கல? ஆள் கம்மின்னு மென்பொருள் நிறுவனங்கள் வரல. மென்பொருள் இல்லைன்னு ஆட்களும் வரல.

இந்தச் சுழலை உடைக்க ரெண்டு வழி. ஒண்ணு, வால்வ் நிறுவனம் செஞ்சது. கேம் கம்பெனிகளுக்காகக் காத்திருக்காம, விண்டோஸ் கேம்களை லினக்ஸ்ல ஓடவைக்கும் புரோட்டானை 2018-ல் வெளியிட்டாங்க. 2022-ல் லினக்ஸ் போட்ட ஸ்டீம் டெக்கையே கடைக்குக் கொண்டுவந்தாங்க. இன்னமும் வேலரண்ட் மாதிரி சில கேம்கள் ஓடாது, ஆன்ட்டி-சீட் விடாது.

இன்னொண்ணு, பழக்கம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கினது அது. ஆனா நாம பூட் பண்ணினது எதை? பக்கத்துல கேரளாவில் பள்ளிப் பாடமும் செய்முறைத் தேர்வும் லினக்ஸ்லயே நடக்குது. அதனால பசங்க அதைத் தொட்டே ஆகணும். டிஸ்க்குல இருந்தா மட்டும் போதாது, வேலை அதுல நடக்கணும்.

நானும் லினக்ஸ் மின்ட் போட்டேன். பைத்தான், ஜிசிசி, ஆர்டுயினோ, கைகேட் எல்லாம் தடையில்லாம ஓடுச்சு. ஆனா ஒரு கம்பெனியோட பிளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்கான கண்காணிப்பு பிரவுசர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்னு முந்தின நாள் ராத்திரிதான் தெரிஞ்சது. ரூம்மேட் லேப்டாப்லதான் எழுதினேன். மெக்கானிக்கல் நண்பர்களே, சாலிட்வொர்க்ஸும் லினக்ஸுக்கு இல்லை.

அதனால என் யோசனை: முதல்ல ஃபைல்களை பேக்கப் எடுங்க. பென்டிரைவ்ல லைவ் மோடில் ஓட்டி வைஃபை, சத்தம், கேமரா சரியா வேலை செய்யுதான்னு பாருங்க. பிளேஸ்மென்ட் முடியுற வரைக்கும் டூயல் பூட்டே நல்லது.

இப்போ என் தங்கச்சி அந்த லேப்டாப்லதான் சி புரோகிராமிங் கத்துக்குறா. எந்த ஓஎஸ்னு அவ இன்னும் கேக்கவே இல்லை. டெஸ்க்டாப் போட்டியில லினக்ஸ் ஜெயிக்கிறதுன்னா அது இப்படித்தான் இருக்கும்னு தோணுது.