பேனல் போட்டாச்சு... சர்வர் பத்திரமா இருக்கா? வெப் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலை அமைப்பதும் பராமரிப்பதும் எப்படி?

2024 அக்டோபர் கடைசி வாரம். 'சைபர்பேனல்' என்ற இலவச கன்ட்ரோல் பேனல் ஓடிக்கொண்டிருந்த சுமார் 22,000 சர்வர்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையக்கூடிய ஓட்டையுடன் இணையத்தில் இருப்பது தெரியவந்தது. சட்டென்று அந்த எண்ணிக்கை சில நூறாகக் குறைந்தது. எல்லோரும் விழுந்தடித்து அப்டேட் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலில் சர்வர்கள் கூட்டம் கூட்டமாகச் சிக்கிக்கொண்டிருந்தன.

பாதிக்கப்பட்டவர்கள் எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பலன் இல்லை. ஏனென்றால், லாகின் செய்யாமலேயே உள்ளே போக வழி செய்த ஓட்டை அது.

சின்னதாக ஒரு விபிஎஸ் சர்வர் வாங்கி, நாலைந்து வாடிக்கையாளர்களின் வெப்சைட்டை அதில் நடத்தும் இளைஞர்கள் இன்று நிறைய பேர் இருக்கிறார்கள். "தம்பி, சைட் ஓபன் ஆகலையே, ஆர்டர் எல்லாம் நிக்குது" என்று காலையில் போன் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கன்ட்ரோல் பேனல் என்றால் என்ன?

புதிதாக வாங்கிய லினக்ஸ் சர்வரில் இருப்பது கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரை மட்டுமே. ஒரு வெப்சைட் ஓட வேண்டுமென்றால் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ், பிஎச்பி, டேட்டாபேஸ், எஸ்எஸ்எல் சான்றிதழ் எனப் பலவற்றை ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும். இதையெல்லாம் பிரவுசரில் பட்டனைத் தட்டிச் செய்ய வைப்பதுதான் கன்ட்ரோல் பேனல்.

1996-ல் தொடங்கிய சிபேனல் இதில் பிரபலமானது. 2019-ல் அதன் கட்டணம் கணக்குகளின் எண்ணிக்கை அடிப்படையில் மாறியதும், ஹெஸ்டியா, விர்ச்சுவல்மின், சைபர்பேனல் போன்ற இலவச பேனல்கள் பக்கம் பலரும் திரும்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை வேலையையும் செய்ய பேனலுக்கு 'ரூட்' அதிகாரம் தேவை. அதாவது, அபார்ட்மென்ட்டில் எல்லா வீட்டுச் சாவியையும் வைத்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. அவரை ஏமாற்றிவிட்டால் எல்லா வீடும் திறந்துவிடும்.

நிறுவும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலாவது, சர்வர் புதிதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சைட் ஓடும் சர்வரில் பேனலை நிறுவினால், பழைய செட்டிங்ஸும் புதியவையும் மோதிக்கொள்ளும்.

இரண்டாவது, நீண்டகால ஆதரவு உள்ள லினக்ஸ் பதிப்பு. உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் வழக்கமான ஆதரவு உண்டு. 2029 வரை ஆதரவு இருக்கும் என நம்பி சென்ட்ஓஎஸ் 8-ஐப் போட்டவர்களுக்கு, 2021 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றுபோனது. அதனால் ஆதரவு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, அவ்வப்போது சரிபார்ப்பது நல்லது.

மூன்றாவது, ரேம். ஹெஸ்டியாவுக்குக் குறைந்தது 1 ஜிபி போதும், ஆனால் பரிந்துரை 4 ஜிபி. மெயிலுக்கான வைரஸ் ஸ்கேனரே பெருமளவு ரேமை விழுங்கிவிடும். பல கிளவுட் நிறுவனங்கள் சர்வரிலிருந்து மெயில் அனுப்பும் 25-ம் போர்ட்டைத் தடுத்தும் வைத்திருக்கின்றன. மெயிலை ஜோஹோ, கூகுள் போன்ற சேவைகளிடம் விட்டுவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

அதிகாரபூர்வ தளத்தில் இருந்துதானே டவுன்லோடு செய்கிறோம், பயம் எதற்கு?

அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. வெப்மின் பேனலின் மென்பொருளைத் தயாரிக்கும் சர்வருக்குள் 2018-ல் யாரோ புகுந்து ரகசியக் கதவு ஒன்றை வைத்தார்கள். 2019 ஆகஸ்ட்டில்தான் அது வெளியே தெரிந்தது. வெஸ்டா பேனலின் நிறுவல் ஸ்கிரிப்ட்டே 2018-ல் மாற்றப்பட்டு, நிர்வாகியின் பாஸ்வேர்டு கசிந்தது.

ஆக, எந்தப் பேனலும் ஒருநாள் ஏமாறலாம் என்று வைத்துக்கொண்டுதான் சர்வரை அமைக்க வேண்டும்.

நிறுவிய முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

* பேனலின் கதவை ஊருக்கே திறந்து வைக்காதீர்கள். வெப்சைட் பார்க்க வருபவர்களுக்கு 80, 443 ஆகிய போர்ட்டுகள் போதும். ஹெஸ்டியாவின் 8083, சைபர்பேனலின் 8090, வெப்மினின் 10000 போன்ற பேனல் போர்ட்டுகளை ஃபயர்வாலில் உங்கள் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதியுங்கள். வீட்டு இணைப்பில் ஐபி மாறிக்கொண்டே இருந்தால், வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக மட்டும் நுழையும்படி அமைக்கலாம். 22,000 சர்வர்கள் சிக்கிய கதையில், இது ஒன்றைச் செய்திருந்தால் வெளியிலிருந்து வந்தவருக்கு அந்த ஓட்டை கண்ணிலேயே பட்டிருக்காது.

* ஃபயர்வாலை மாற்றும்போது நீங்களே வெளியே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள எஸ்எஸ்எச் இணைப்பை மூடாமல், இன்னொரு விண்டோவில் நுழைய முடிகிறதா எனப் பார்த்த பிறகு மூடுங்கள்.

* எஸ்எஸ்எச் நுழைவுக்குப் பாஸ்வேர்டுக்குப் பதில் கீ பயன்படுத்துங்கள். பேனலில் இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

* ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி யூசர் கணக்கு கொடுங்கள். ஒருவரின் பழைய வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக வரும் வைரஸ், பக்கத்து சைட்டுக்குப் பரவுவது கடினமாகும்.

* லினக்ஸின் பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக நிறுவப்படும்படி வையுங்கள்.

அதன் பிறகு பராமரிப்பு எப்படி?

பலரும் கோட்டை விடுவது பேக்கப்பில்தான். ஹெஸ்டியா எடுக்கும் பேக்கப், நாம் மாற்றாத வரை அதே சர்வரில்தான் சேமிக்கப்படும். சர்வர் போனால் பேக்கப்பும் போச்சு. அதனால் ஒரு பிரதி வேறு நிறுவனத்தின் ஸ்டோரேஜில் இருக்கட்டும். அந்தப் பழைய பிரதிகளை சர்வரில் இருந்தே அழிக்க முடியாதபடியும் அமைக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு சைட்டையாவது வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் போனாலும் ஒன்றுதான்.

அடுத்து டிஸ்க். லாக் ஃபைல்களும் பழைய பேக்கப்பும் சேர்ந்து இடத்தை நிரப்பிவிட்டால் டேட்டாபேஸால் எழுத முடியாது, சைட் நின்றுவிடும். 80 சதவீதம் நிறைந்தாலே எச்சரிக்கை வரும்படி அமைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்எல் சான்றிதழையும் மறக்க வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாட்கள். பேனலே தானாகப் புதுப்பிக்கும். ஆனால் வாடிக்கையாளர் டொமைனின் டிஎன்எஸ்-ஐ மாற்றியிருந்தால் அது தோல்வியடையும். சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மெயில்களும் 2025 ஜூனில் நின்றுவிட்டன. சைட்டை வெளியில் இருந்து கண்காணிக்கும் சேவை ஒன்றில் பதிவு செய்வது பாதுகாப்பு.

பேனலையே அப்டேட் செய்யும்போது முதலில் ஸ்னாப்ஷாட் எடுங்கள். பேனல் எழுதும் செட்டிங்ஸ் ஃபைல்களில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். அடுத்த முறை பேனல் அதை மாற்றி எழுதிவிடும்.

எல்லோருக்கும் இது தேவையா?

இல்லை. சொந்தக் கடைக்கு ஒரே ஒரு சைட் என்றால், பராமரிப்பையும் சேர்த்துச் செய்து தரும் ஹோஸ்டிங் சேவை போதும். வாங்கும் முன் பேக்கப் எங்கே இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்களின் சைட்டை நீங்கள் நடத்துகிறீர்கள் என்றால், பராமரிப்புக்கான மாதக் கட்டணத்தைத் தனியாக, வெளிப்படையாகப் பேசி வாங்குங்கள். அப்டேட்டும் பேக்கப்பும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வையுங்கள். பேனலை நிறுவ அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த சர்வர் ஓடும் வரை மாதம் ஓரிரு மணி நேரம் அதற்காக ஒதுக்கியே ஆக வேண்டும்.