பழைய காரும் அதன் திறப்புச் சுவிச்சும்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே இன்றும் மொறிஸ் மைனர் கார்களைக் காணலாம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இக்கார், 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியிலே முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. 1960 டிசெம்பரில் பத்து இலட்சமாவது காரும் உருவாகியது. 1971ஆம் ஆண்டுடன் பிரித்தானியாவில் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் எமது ஊரார் ஓட்டுவதை நிறுத்தவில்லை. 1990களின் முற்பகுதியிலே பெற்றோல் கிடையாத நாட்களில், சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை என்று பெரியோர் இன்றும் பெருமையுடன் சொல்வர்.

எமது வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பப்பாவிடம் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பம்மாவுடன் திரும்பும்போது, புகையிரதக் கடவையின் நடுவிலே அது திடீரென நின்றுவிட்டது. நல்ல காலம், அது புகையிரதம் வரும் நேரமன்று. தேநீர்க் கடையில் நின்ற இளைஞர்கள் ஓடிவந்து தள்ளிக் கரை சேர்த்தனர். கரை சேர்ந்ததும் எதுவுமே நடவாதது போலக் கார் மீண்டும் இயங்கியது! அப்பம்மாவோ இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார்.

கராஜ் ஒன்றில் பிளக், பொயின்ற், கொயில் எல்லாம் புதிதாக மாற்றினார்கள். செலவு ஏறியதே தவிர நோய் தீரவில்லை. அடுத்த மாதமும் கார் வழியில் நின்றது. “இரும்புக்கு விற்றுவிடுங்கோ அப்பா” என்று தோழியின் தந்தையார் சொல்லிவிட்டார். அப்பொழுதுதான் விஞ்ஞான பாடத்தில் மின்னியல் படித்துக்கொண்டிருந்த நாம் நால்வரும், சிஸ்டரிடம் அனுமதி பெற்று, ஆய்வுகூடத்து மல்ரிமீற்றருடன் அங்கு சென்றோம். “பிள்ளையள், உடைக்காமல் பாருங்கோ” என்றார் அப்பப்பா.

இக்காரிலே மின்சாரம் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். பற்றரி தருவது 12 வோல்ற்று. அது திறப்புச் சுவிச்சின் வழியாகக் கொயிலை அடைகிறது. கொயில் அதனைப் பல ஆயிரம் வோல்ற்றாக உயர்த்திப் பிளக்குகளிலே தீப்பொறி உண்டாக்குகிறது. ஆகவே திறப்புச் சுவிச்சு என்பது தீப்பொறியின் வாயிற்காவலன். ஆனால் முன்விளக்குகளுக்கும் ஸ்ராட்டருக்கும் செல்லும் மின்சாரம் இக்காவலனைக் கேட்பதில்லை. இம்மாதிரியில் ஸ்ராட்டருக்கு வேறாக இழுக்கும் பிடி உண்டு. திறப்பைத் திருப்பாமலே அதனை இழுத்தாலும் எஞ்சின் சுழலும்; ஆனால் பற்றாது. “ஸ்ராட்டர் சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது, எனவே மின்சாரத்தில் குறையில்லை” என்று பலர் முடிவு செய்வது இதனாலேதான் பிழையாகிறது.

திறப்பைத் திருப்பும்போது இரண்டு சாட்சிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, டைனமோவுக்குரிய சிவப்பு விளக்கு. மற்றையது, பெற்றோல் பம்பின் ‘டிக் டிக்’ ஓசை. (கிண்ணம் நிரம்பியதும் ஓசை தானாக அடங்கிவிடும்.) இரண்டும் ஒருங்கே இல்லாதுவிடின் சுவிச்சையோ அதற்கு வரும் வயரையோ சந்தேகிக்கலாம். நாம் திருப்பியபோது இரண்டுமே ஒழுங்காக இருந்தன. ஆனால் திறப்புக் கோர்வையைத் தற்செயலாக ஒருத்தி தட்டியதும் சிவப்பு விளக்குக் கண் சிமிட்டியது!

அக்கோர்வையில் பன்னிரண்டு திறப்புகள். வீடு, கேற், அலுமாரி, கிணற்று மோட்டர் அறை என்று எல்லாவற்றையும் அப்பப்பா ஒன்றாகவே கோத்திருந்தார். கார் குலுங்கும்போதெல்லாம் அப்பாரம் ஆடி ஆடிப் பூட்டையும் உள்ளிருந்த செப்புத் தொடுகையையும் தேய்த்திருக்கிறது. தண்டவாளத்தின் மேல் குலுங்கியதும் கார் நின்றதன் மர்மம் அப்போது விளங்கியது.

அளந்து பார்க்கும்போது முதலில் நாமும் ஏமாந்தோம். பற்றரியைக் கழற்றிவிட்டு, கொயிலுக்குச் செல்லும் வெள்ளை வயரைச் சுவிச்சிலிருந்து நீக்கி, மீண்டும் பற்றரியைப் பூட்டி அளந்தால் முழு 12 வோல்ற்றும் காட்டியது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடை தன் குணத்தைக் காட்டாது அல்லவா? வயரைப் பூட்டி, மின்சாரம் ஓடும்போது சுவிச்சின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தோம். ஏறக்குறையப் பூச்சியம் காட்டவேண்டிய இடத்தில் 3 வோல்ற்று! ஓமின் விதிப்படி பாருங்கள்: கொயிலின் தடை சுமார் 3 ஓம் எனில் 4 அம்பியர் ஓடவேண்டும். தேய்ந்த தொடுகை 1 ஓம் தடையைச் சேர்த்தால் 3 அம்பியரே ஓடும். 3 வோல்ற்று வழியிலேயே வீணாகும். அந்தச் சிறு சுவிச்சுக்குள் 9 வாற்று வெப்பமும் பிறக்கும். வெப்பத்தால் தொடுகை கருகும். கருகினால் தடை கூடும். தடை கூடினால் கொயிலுக்குப் போவது இன்னும் குறையும்.

“இரண்டு வயரையும் முறுக்கி இணைத்தால் போதாதா?” என்று ஒருவர் கேட்டார். கோளாற்றைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் அப்படிச் செய்யலாம், அதோடு விட்டுவிடலாகாது. பின்பு எஞ்சினை நிறுத்தத் திறப்பு உதவாது. விபத்து நேர்ந்தால் பெற்றோல் பம்பையும் நிறுத்த முடியாது. எஞ்சின் ஓடாதிருக்கையில் இணைப்பு அப்படியே கிடந்தால் கொயிலும் சூடேறிக் கெடும்.

சுவிச்சை மாற்றிய வேலை அரைமணி நேரமே. அப்பப்பா மீண்டும் பற்றரியின் வயரைக் கழற்றினார். (இக்காரில் உடலோடு இணைந்திருப்பது நேர்முனை, இன்றைய கார்களுக்கு இது மாறானது. மாற்றிப் பூட்டிவிடக் கூடாது.) வயர்களின் நிறம் மங்கியிருந்தபடியால் காகிதத் துண்டு ஒட்டி அடையாளமிட்டோம். முன்புற வளையத்தைத் திருகிக் கழற்றியதும் சுவிச்சு பின்னால் வந்தது. உள்ளே தொடுகை கறுத்து, சுருள்வில்லும் தளர்ந்திருந்தது. சுரண்டித் துப்புரவாக்கினால் சில மாதம் ஓடும் என்றார் அப்பப்பா. கடவையை நினைத்து அப்பம்மா அதற்கு இணங்கவில்லை. பழைய மாதிரியிலேயே புதிய சுவிச்சு வாங்கினோம். பூட்டிலுள்ள சிறு துவாரத்தில் மெல்லிய கம்பியை நுழைத்து அழுத்த, பழைய பூட்டின் உருளை கழன்று வந்தது. அதனைப் புதியதில் செருகியதால் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட திறப்பே இதற்கும் பொருந்தியது. எல்லா வகைச் சுவிச்சிலும் இவ்வாறு செய்ய இயலாது.

மறுபடி அளந்தபோது மீற்றர் முள் அசையவேயில்லை. மறு ஞாயிறு கடவையைத் தாண்டி எல்லோரும் பூசைக்குச் சென்றார்கள், அப்பம்மாவும் காரிலேயே. இப்போது கார்த் திறப்பு தனியே தொங்குகிறது. மற்றைய பதினொன்றும் அப்பம்மாவின் கைப்பையில்.